எட்டு லட்சம் பெட்டிகள், ஒரே உத்தரவு

பெங்களூர் மல்லேஸ்வரத்துப் பழைய வீடுகளில் சோலார் இன்வர்ட்டருக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் மாடிப்படியின் கடைசித் திருப்பம். அங்கே சாரல் படாது, பேனலிலிருந்து இறங்கும் ஒயரும் அதிகம் நீளாது. மாட்டிய நாளோடு வீட்டார் அந்தப் பெட்டியை மறந்துவிடுகிறார்கள். மறுபடி நினைவுபடுத்துவது கைப்பேசிதான். ‘உங்கள் கருவிக்குப் புதிய ஃபர்ம்வேர் தயார். இப்போது புதுப்பிக்கலாமா?’ என்று செயலி கேட்கிறது. வாட்ஸ்அப்பையும் வங்கிச் செயலியையும் புதுப்பித்துப் பழகிய விரல் யோசிக்காமல் ‘சரி’யை அழுத்துகிறது. வேறு சிலர், நன்றாக ஓடுகிறதை எதற்குக் கிளற வேண்டும் என்று மூடி வைத்துவிடுகிறார்கள். இரு தரப்புமே இது தங்கள் வீட்டுச் சமாசாரம் என்று நினைத்துத்தான் முடிவெடுக்கிறது. கோளாறு அந்த நினைப்பில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. பெட்டி தொங்குவது நம் சுவரில். அது வேலை பார்ப்பது தெருவோடும், தெருவைத் தாண்டி நாடு முழுவதன் மின்தொகுப்போடும்.

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடலாம். மின்வெட்டில் ஃபேனை ஓட்டும் பேட்டரிப் பெட்டியையும் நாம் இன்வர்ட்டர் என்றுதான் சொல்கிறோம். இங்கே பேச்சு அதைப் பற்றியல்ல. பெங்களூரின் மின்விநியோக நிறுவனமான பெஸ்காமின் நெட் மீட்டரோடு இணைந்த சாதாரண சோலார் இன்வர்ட்டர், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். உச்சிவெயில் கொளுத்தினாலும் வீட்டில் ஒரு பல்பு எரியாது. புதிதாகப் போட்டவர்கள் முதல் மின்வெட்டில் ஏமாந்து, பொருத்தியவரிடம் சண்டைக்குப் போவது இதற்காகத்தான். பெட்டி பழுதாகி நிற்கவில்லை. நிற்கும்படி அதற்குச் சொல்லப்பட்டிருக்கிறது. யார் சொன்னது, எங்கே எழுதி வைத்தது என்று தேடினால் ஃபர்ம்வேரில் போய் முடியும்.

பேனல் தருவது ஒரே திசையில் ஓடும் டிசி மின்சாரம். 3 கிலோவாட் வீட்டில் ஐந்தாறு பெரிய பேனல்களைத் தொடராகக் கோத்தால் 200 முதல் 250 வோல்ட் வரை கிடைக்கும். வீட்டு ஏசி 230 வோல்ட் என்றாலும் அந்த அலையின் உச்சி 325 வோல்ட். எனவே இன்வர்ட்டர் முதலில் டிசியை அதற்கும் மேலே தூக்கி வைத்துக்கொள்கிறது. பிறகு உள்ளே இருக்கும் மின்னணு சுவிட்சுகள் விநாடிக்குப் பதினாறாயிரம், இருபதாயிரம் தடவை திறந்து மூடி, அகலம் கூடியும் குறைந்தும் போகும் துடிப்புகளால் ஏசி அலையை உருவாக்குகின்றன. 50 ஹெர்ட்ஸ் என்றால் ஓர் அலைக்கு 20 மில்லிவிநாடி. அதற்குள் நானூறு துடிப்புகள் வரை. ஒவ்வொன்றும் எவ்வளவு அகலம், அலை எங்கே தொடங்க வேண்டும், வெளியே கம்பியில் ஓடும் அலையோடு அது இம்மி பிசகாமல் பொருந்துகிறதா என்று ஓயாமல் கணக்குப் போடுவது ஒரு சிறு கணினி. அந்தக் கணினியின் நினைவகத்தில் நிரந்தரமாக எழுதி வைத்த கட்டளைகள்தாம் ஃபர்ம்வேர். சுவிட்சும் சுருளும் கெப்பாசிட்டரும் எல்லாக் கம்பெனியிலும் ஏறக்குறைய ஒன்றே. ஒரு பெட்டியின் குணம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அந்தக் கட்டளைகளில் இருக்கிறது.

இந்த வேலைக்குப் பரவலாகப் பயன்படும் சில்லுக் குடும்பங்களில் ஒன்று டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் சி2000. அந்த நிறுவனம் 1985-இல் பெங்களூருக்கு வந்தபோது அதன் செயற்கைக்கோள் டிஷ் மாட்டுவண்டியில் வந்து இறங்கியது என்பது இந்த ஊர் அலுக்காமல் சொல்லும் கதை. இந்த ஊரின் மாடிப்படிகளில் இன்று அதே வகைச் சில்லுகள் வெயிலை எண்ணிக்கொண்டிருக்கின்றன.

குணம் என்றேனே, அதில் மல்லேஸ்வரத்துக்காரர்களுக்கு உடனே உறைப்பது நிழல் விஷயம். சம்பிகையின் பெயரிலும் வேம்பின் பெயரிலும் சாலை வைத்த பகுதி இது. மரம் இல்லாத கிராஸை, அதாவது குறுக்குத் தெருவை, தேடிப் பிடிக்க வேண்டும். பேனலின் மின்னழுத்தத்தை மெல்லக் கூட்டியும் குறைத்தும் பார்த்து, எந்தப் புள்ளியில் திறன் அதிகமாகக் கிடைக்கிறதோ அங்கே நிற்பது ஃபர்ம்வேரின் அன்றாட வேலை. வெயில் சீராக விழுந்தால் வரைபடத்தில் ஒரே உச்சிதான், தேடல் சுலபம். ஒரு கிளையின் நிழல் இரண்டு பேனல்மேல் விழுந்துவிட்டால் இரண்டு உச்சிகள் முளைக்கின்றன. பழைய நிரல் கையருகே கிடைத்த சின்ன உச்சியிலேயே நின்றுவிடும். புதிய நிரல்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மின்னழுத்த எல்லை முழுவதையும் ஒரு தடவை அலசிவிட்டுப் பெரிய உச்சியைத் தேர்ந்தெடுக்கும். பேனலும் அதேதான், மரமும் அதேதான். நிரல் மாறியதால் மட்டும் சில வீடுகளில் யூனிட் கூடுகிறது. புதுப்பித்தலின் இனிப்பான பக்கம் இது. விற்பவர்கள் சொல்வதும் இதை மட்டும்தான்.

கரண்ட் போனதும் நிற்கிறதே, அது இன்னும் நுட்பமான வேலை. லைன்மேன் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டுக் கம்பத்தில் ஏறுகிறார். அந்தத் தெருவின் பத்து மாடிகளிலிருந்து மின்சாரம் கம்பிக்குள் ஏறிக்கொண்டிருந்தால் அவர் உயிருக்கு உத்தரவாதமில்லை. எனவே மின்தொகுப்பு அற்றுப்போனால் இரண்டு விநாடிக்குள் இன்வர்ட்டர் விலக வேண்டும் என்று ஐஎஸ் 16169 என்ற இந்தியத் தரம் கேட்கிறது. கேட்பது சுலபம். அந்த நொடியில் தெரு செலவழிக்கும் மின்சாரமும் பேனல்கள் தரும் மின்சாரமும் தற்செயலாகச் சமமாக இருந்துவிட்டால்? மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் அப்படியே நிற்கும். தெரு தனித்துவிடப்பட்டது பெட்டிக்குத் தெரியவே தெரியாது. அதனால் ஃபர்ம்வேர் எப்போதும் ஒரு சோதனை செய்துகொண்டே இருக்கிறது. தான் தரும் அலையைச் சுற்றுக்குச் சுற்று இம்மியளவு முன்னே பின்னே தள்ளிப் பார்க்கிறது. எதிரே மின்தொகுப்பு முழுவதும் இருந்தால் அது அசையாது. தெரு மட்டும் தனியே நின்றால் அதிர்வெண் நழுவத் தொடங்கும், நழுவல் தானே பெருகும், எல்லை தாண்டியதும் பெட்டி விலகிவிடும். மின்சாரம் திரும்பினாலும் உடனே சேர்ந்துகொள்ளாது. கம்பியில் எல்லாம் 60 விநாடியாவது சீராக நின்றதை உறுதிசெய்துகொண்ட பிறகுதான். திரையில் ஓடும் அந்தக் கவுன்ட் டவுன் இதுதான்.

அந்த எல்லைகளை வகுத்தது மத்திய மின்சார ஆணையத்தின் 2013-ஆம் ஆண்டு விதிமுறை. அதிர்வெண் 47.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கினாலும் 50.5-க்கு மேலே ஏறினாலும் 0.2 விநாடிக்குள் துண்டிக்க வேண்டும். மின்னழுத்தம் வழக்கமான அளவில் 80 சதவீதத்துக்குக் கீழேயோ 110 சதவீதத்துக்கு மேலேயோ போனால் 2 விநாடிக்குள். பெட்டிக்குள் இவை வெறும் எண்கள். ஒரு வரியில் எழுதியவை, இன்னொரு வரியில் மாற்றக்கூடியவை. நாட்டுக்கு நாடு எண் வேறு என்பதால் இன்வர்ட்டரில் ‘நாடு’ என்று ஓர் அமைப்பு இருக்கும். நம்முடையதில் ‘இந்தியா’ என்று இருக்க வேண்டும்.

இந்த எண்கள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். பெங்களூரில் முதல் மின்சாரத் தெருவிளக்கு எரிந்தது 1905 ஆகஸ்ட் 5 அன்று. அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1902-இல், காவிரியின் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கோலார் தங்கவயலுக்குப் போய்விட்டது. அந்தத் திட்டத்துக்குப் பின்னால் நின்ற திவான் சேஷாத்ரி ஐயர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தவர். அந்த மின்சாரம் ஓடுவதைப் பார்க்காமல் 1901-இல் இறந்தார். மல்லேஸ்வரத்தை ஒட்டிய சேஷாத்ரிபுரம் அவர் பெயரில் இருக்கிறது. சுரங்கத்துக்குள் அந்த மின்சாரத்தோடு வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்கள். அன்று அது 25 ஹெர்ட்ஸ் மின்சாரம். ஆற்றங்கரையில் சுழன்ற சில எந்திரங்களின் வேகம் எதுவோ அதுவே அதிர்வெண். மைசூர் சமஸ்தானத்தின் அதிர்வெண்ணுக்கும் சென்னை மாகாணத்தின் அதிர்வெண்ணுக்கும் சம்பந்தமே இல்லை.

இன்று நிலைமை தலைகீழ். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென்னிந்தியா நாட்டின் மற்றப் பகுதிகளோடு ஒத்திசைந்து இணைந்தது. அன்று முதல் மல்லேஸ்வரத்துச் சமையலறையிலும் ஸ்ரீநகர்க் கடையிலும் ஒரே அதிர்வெண். ஆயிரம் கைகள் ஒரே வடத்தைப் பிடித்து இழுக்கும் தேர் இது. உற்பத்தி கூடிச் செலவு குறைந்தால் நாட்டிலுள்ள எல்லா ஜெனரேட்டர்களும் சேர்ந்து சற்றே வேகமெடுக்கும், அதிர்வெண் 50-க்கு மேல் ஏறும். செலவு கூடினால் எல்லாம் சேர்ந்து தளரும். ஒரு கை வடத்தை விட்டால் தேருக்கு ஒன்றுமில்லை. பாதிக் கைகள் ஒரே கணத்தில் விட்டால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

2020 ஏப்ரல் 5, இரவு 9 மணி நினைவிருக்கும். ஒன்பது நிமிடம் விளக்கணைத்து அகல் ஏற்றச் சொன்னார் பிரதமர். பன்னிரண்டு, பதினான்காயிரம் மெகாவாட் குறையும் என்று மின்தொகுப்பு அலுவலர்கள் எதிர்பார்த்திருந்தார்கள். குறைந்தது 31,089 மெகாவாட். நீர்மின் நிலையங்களை மளமளவென்று இறக்கியும் அதிர்வெண் 50.26 ஹெர்ட்ஸ் வரை ஏறியது. ஒரு விபத்தும் இல்லாமல் சமாளித்தார்கள். இந்தியப் பொறியாளர்கள் இதற்காகப் பெற்ற பாராட்டு போதாது என்பேன். இரவு என்பதால் சோலாருக்கு அதில் பங்கில்லை. ஆனால் அந்த 50.26 என்ற எண்ணைப் பார்க்கும்போது ஜெர்மானியப் பொறியாளர் ஒருவருக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். அவர்கள் ஊரில் ஒரு காலத்தில் சோலார் பெட்டிகளுக்கு எழுதி வைத்த எல்லை 50.2.

ஜெர்மனியில் 2005 வாக்கில் சோலார் என்பது ஓரத்தில் இருந்த சிறு சமாசாரம். அதிர்வெண் 50.2 ஹெர்ட்ஸைத் தாண்டினால் மேற்கூரை இன்வர்ட்டர்கள் உடனே துண்டித்துக்கொள்ள வேண்டும் என்று விதி எழுதினார்கள். அன்றைக்கு அது எச்சரிக்கையான, புத்திசாலித்தனமான விதி. பிறகு மானியத்தின் தயவில் சோலார் பெருகியது. 2011 இறுதியில் சுமார் 25,000 மெகாவாட். அப்போதுதான் யாரோ கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். நல்ல வெயில் நாளில் அதிர்வெண் 50.2-ஐத் தொட்டால் ஆயிரக்கணக்கான மெகாவாட் ஒரே நொடியில் காணாமல் போகும். ஐரோப்பிய மின்தொகுப்பு திடீர் இழப்புக்கென்று கையிருப்பில் வைத்திருந்ததோ 3,000 மெகாவாட். அதிகமாக இருந்த மின்சாரம் ஒரு கணத்தில் பெரும் பற்றாக்குறையாக மாறி ஐரோப்பாவை இருட்டடிக்கக்கூடும்.

50.2 எல்லாம் நடைமுறையில் வராது என்று சொல்லவும் வழியில்லை. 2006 நவம்பர் 4 இரவில், கட்டி முடித்த ஒரு பெரிய பயணிகள் கப்பல் எம்ஸ் ஆற்றின் வழியே கடலுக்குப் போவதற்காக, குறுக்கே போகும் உயர் அழுத்தக் கம்பியை அணைத்தார்கள். சுமை வேறு கம்பிகள்மேல் சாய்ந்தது, அவையும் துண்டித்துக்கொண்டன, ஐரோப்பிய மின்தொகுப்பு மூன்று துண்டாகியது. வடகிழக்குத் துண்டில் அதிர்வெண் 51.4 வரை போனது. ஒன்றரைக் கோடி வீடுகளில் விளக்கணைந்தது. நேரம் இரவு, சோலாரும் அப்போது குறைவு. அதே சம்பவம் 2011-இன் ஒரு ஜூன் மதியத்தில் நடந்திருந்தால் கதை வேறு.

பரிகாரம் ஃபர்ம்வேரில் இருந்தது. 2012 ஜூலையில் சட்டம் வந்தது. 10 கிலோவாட்டுக்கு மேற்பட்ட மூன்று லட்சத்துக்கும் அதிகமான நிலையங்களைத் தேடிப் போய்த் திருத்தினார்கள். சிலவற்றில் எண்ணை மட்டும் மாற்றினால் போதும், சிலவற்றில் நிரலையே மாற்ற வேண்டியிருந்தது. 50.2-இல் துண்டித்துக்கொள்வதற்குப் பதில், அதற்கு மேலே ஒவ்வொரு ஹெர்ட்ஸுக்கும் 40 சதவீதம் என்ற கணக்கில் திறனைப் படிப்படியாகக் குறைக்கச் செய்தார்கள். முடியாத பெட்டிகளுக்கு ஆளுக்கொரு எல்லையாகப் பிரித்துக் கொடுத்தார்கள், எல்லாம் ஒரே நேரத்தில் விலகக் கூடாது என்று. இணையத்தில் இல்லாத பெட்டிகள் அவை. வீடு வீடாக, பண்ணை பண்ணையாக எலெக்ட்ரீஷியன் போக வேண்டியிருந்தது. பல கோடி யூரோ செலவு, மின்கட்டணத்தின் வழியாக மக்கள் தலையில் விழுந்தது. ஓர் எண்ணை மாற்ற!

ஹவாய்த் தீவுகளில் அதே வகைப் பிரச்சினை 2015-இல் வேறு விதமாக முடிந்தது. சின்னத் தீவு மின்தொகுப்பு, வீட்டுக்கு வீடு சோலார். சிறு தடுமாற்றத்துக்கெல்லாம் பெட்டிகள் விலகிக்கொண்டால் தடுமாற்றம் பெருந்தடுமாற்றமாகும். எல்லைகளைத் தளர்த்த வேண்டும் என்று மின்நிறுவனம் கேட்டது. அங்கே பெரும்பாலான வீடுகளில் இருந்தவை என்ஃபேஸ் நிறுவனத்தின் மைக்ரோ இன்வர்ட்டர்கள், பேனலுக்கு ஒன்றாகக் கூரையில் ஒட்டியிருப்பவை, எல்லாம் இணையத்தோடு தொடர்பில். அந்த நிறுவனம் ஏறக்குறைய 8 லட்சம் இன்வர்ட்டர்களின் அமைப்பைத் தொலைவிலிருந்தே மாற்றியது. ஒரே நாளில். ஒரு எலெக்ட்ரீஷியனும் ஏணி ஏறவில்லை, பெரும்பாலான வீட்டுக்காரர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

இந்தச் செய்தியைப் படித்து மகிழ்ந்தவர்களும் உண்டு, திடுக்கிட்டவர்களும் உண்டு. நான் இரண்டும் சரி என்பேன். 154 மெகாவாட் திறனுள்ள ஒரு மின்நிலையத்தின் நடத்தையை ஓர் உத்தரவு மாற்றியது. நல்ல உத்தரவு என்பதால் நல்லது நடந்தது.

உத்தரவே தவறாகிப் போன கதையும் உண்டு. கலிபோர்னியாவில் 2016 ஆகஸ்ட் 16 அன்று காட்டுத்தீப் புகையால் உயர் அழுத்தக் கம்பிகளில் கோளாறுகள் ஏற்பட்டன. அலை ஒரு கணம் கோணலானது. அவ்வளவுதான். பெரிய சோலார் பண்ணைகளின் இன்வர்ட்டர்கள் அந்தக் கோணலை அளந்து, அதிர்வெண் 57-க்குக் கீழே விழுந்துவிட்டது என்று முடிவுகட்டி விலகின. அமெரிக்க அதிர்வெண் 60. உண்மையில் அது 60-ஐ விட்டுப் பெரிதாக நகரவே இல்லை. மொத்தம் ஏறக்குறைய 1,200 மெகாவாட் போனது, அதில் 700 மெகாவாட் இந்த அளவைப் பிழையால். கருவி கெட்டுப்போகவில்லை. அளந்த கணக்கில் அவசரம் இருந்தது. கொஞ்சம் பொறுத்து, மறுபடி அளந்து, அப்புறம் முடிவெடு என்று நிரலைத் திருத்தினார்கள்.

மூன்று கதையிலும் ஒரே விஷயம்தான் மறுபடி மறுபடி வருகிறது. ஒரு பெட்டி தப்பு செய்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரே நிரலை வாங்கிய பெட்டிகள் தனித்தனிப் பெட்டிகள் அல்ல. அவை ஒரே நொடியில் ஒரே முடிவை எடுக்கும். பழைய அனல் மின்நிலையத்தில் பத்து ஆபரேட்டர்கள் பத்து விதமாக நடந்துகொள்வார்கள். அந்தக் கோணல்மாணலே ஒரு பாதுகாப்பு.

இந்திய எண்களைப் போட்டுப் பார்க்கலாம். பிரதமரின் சூரிய வீடு திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். 2025 மார்ச்சில் பத்து லட்சம் வீடுகளைத் தாண்டியது. வீட்டுக்கு 3 கிலோவாட் என்றால் 3,000 மெகாவாட், ஐரோப்பா முழுவதும் கையிருப்பு வைத்திருந்த அளவு. திட்டத்தின் இலக்கு ஒரு கோடி வீடு. அதாவது 30,000 மெகாவாட். 2020-இல் அந்த ஒன்பது நிமிடத்தில் ஆடிய அளவு. அன்று நாள் குறித்து நேரம் குறித்து அணைத்தோம். பெட்டிகள் முகூர்த்தம் பார்க்காது.

தேசக் கணக்கு இருக்கட்டும். மல்லேஸ்வரம் 15-வது கிராஸ் டிரான்ஸ்பார்மருக்கு வருவோம். மின்சாரம் அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத்தான் ஓடும். எனவே மாடியிலிருந்து தெருவுக்குத் தள்ள வேண்டுமானால் இன்வர்ட்டர் தன் மின்னழுத்தத்தைக் கம்பியின் அழுத்தத்தைவிடச் சற்று மேலே வைத்தாக வேண்டும். ஏப்ரல் மாத ஞாயிறு மதியம், பள்ளியும் அலுவலகமும் மூடிக் கிடக்க, ஒரே கம்பியில் பத்து வீடுகள் தள்ளினால் கடைசி வீட்டில் 230 என்பது 250-ஐத் தாண்டும். 253 ஆனால் 110 சதவீதம். பெட்டி விலகும், சற்று நேரத்தில் சேரும், மறுபடி விலகும். நல்ல வெயிலில் யூனிட் போச்சே என்று வீட்டுக்காரர் புலம்புவார். பொருத்தியவரின் ஆள் வந்து கடவுச்சொல்லைத் தட்டி எல்லையை 270-க்கு ஏற்றிவிட்டுப் போவார். ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’ (கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள்) என்ற பெங்களூர் மந்திரம் இங்கே விதிமீறலாகிவிடுகிறது. இவர் யூனிட் காப்பாற்றப்பட்டது. பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜும் டிவியும் அந்த அழுத்தத்தைத் தின்கின்றன.

முறையான வழி ஒன்று உண்டு, அதுவும் ஃபர்ம்வேர் வழிதான். மின்னழுத்தம் ஏற ஏறத் திறனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது, அலையின் கட்டத்தைச் சற்றே மாற்றி அழுத்தத்தை இறக்குவது போன்ற வித்தைகள் புதிய நிரல்களில் இருக்கின்றன. இவற்றை மின்நிறுவனத்தின் ஒப்புதலோடு செய்ய வேண்டும். பெஸ்காம் நெட் மீட்டர் கொடுக்கும்போது சோதித்தது பழைய நிரல் இருந்த பெட்டியை. சாங்கி ஏரிக்கு அப்பால் சதாசிவநகரில், 1960 முதல் இருக்கும் மத்திய மின்திறன் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற ஆய்வுக்கூடங்களின் சோதனையும் சோதித்த அன்று உள்ளே இருந்த நிரலுக்குத்தான் பொருந்தும். நிரலை மாற்றினால், கண்டிப்பாகச் சொன்னால், சான்றிதழ் பெற்ற பெட்டி வேறு, சுவரில் இருப்பது வேறு. இதை யாரும் கண்டுகொள்வதில்லை.

இனி புதுப்பிக்கும் வேலையே எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். நிரல் இருப்பது ஃப்ளாஷ் நினைவகத்தில். அதில் ஒவ்வொரு சிறு அறையிலும் மின்னூட்டம் சிறைப்பட்டிருக்கிறது; வருடக்கணக்கில், மின்சாரம் இல்லாமலும். அதன் சுபாவம் என்னவென்றால் ஓர் எழுத்தை மட்டும் அழித்து எழுத முடியாது. ஒரு பெரிய பகுதியை மொத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் புதிதாக எழுத வேண்டும். துடைத்த பிறகு, எழுதி முடிப்பதற்குள், பழைய நிரலும் இல்லை புதிய நிரலும் இல்லை. அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் பெட்டி நினைவிழந்த உலோகம். நல்ல தயாரிப்பாளர்கள் இரண்டு ஏற்பாடு வைத்திருப்பார்கள். தொடக்க நிரல் என்ற சிறு பகுதியை யாரும் தொட முடியாமல் பூட்டி வைப்பது ஒன்று. எல்லாம் போனாலும் அது மட்டும் விழித்திருந்து மறுபடி எழுத வழிவிடும். நினைவகத்தை இரண்டாகப் பிரித்து, ஓடும் நிரலை ஒரு பாதியில் விட்டுவிட்டு மறுபாதியில் புதியதை எழுதி, சரிபார்த்த பிறகு தாவுவது இன்னொன்று. மலிவான பெட்டிகளில் இரண்டாவது இருக்காது.

இங்கே பலர் யோசிக்காத ஒன்று இருக்கிறது. பேட்டரி இல்லாத சோலார் இன்வர்ட்டர்கள் பலவற்றில் உள்ளே இருக்கும் கணினிக்கு மின்சாரம் வருவது பேனலிலிருந்து. சூரியன் மறைந்தால் அது உறங்கிவிடும். மற்ற கருவிகளை இரவில் புதுப்பிப்போம், யாருக்கும் இடைஞ்சல் இல்லையென்று. இதைப் பகலில்தான் செய்ய வேண்டும். அதிலும் மாலை ஐந்து மணி கூடாது. மே மாதத்து பெங்களூரில் மூன்று மணிக்குமேல் இடிமேகம் திரளும் நாளும் கூடாது. காலை பத்திலிருந்து மதியம் ஒன்று வரை, வானம் வெளுத்திருக்கும் நாள். இருபது நிமிடம் உற்பத்தி நின்றாலும் 3 கிலோவாட் பெட்டியில் போவது ஒரே ஒரு யூனிட். கஞ்சத்தனம் வேண்டாம்.

பெட்டிக்குள் நிரல் ஒன்றல்ல என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முதன்மைக் கட்டுப்பாட்டுக்கு ஒன்று, அதைக் கண்காணிக்கும் பாதுகாப்புச் சில்லுக்கு ஒன்று, திரைக்கும் வைஃபை குச்சிக்கும் வேறு. ஒன்றைப் புதுப்பித்து மற்றதை விட்டால் இரண்டும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாமல் பிழைக்குறி காட்டும். சில வேளை புதுப்பித்தபின் ‘நாடு’ அமைப்பு தொழிற்சாலையில் வைத்த நிலைக்குத் திரும்பிவிடும். பெட்டி அப்போதும் ஓடும், யூனிட்டும் வரும், ஆனால் வேறு நாட்டின் எல்லைகளோடு. வீட்டுக்காரருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது என்பதால் இது எனக்கு அதிகம் கவலை தருகிறது.

பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. வைஃபை குச்சி எந்தச் சர்வருடன் பேசுகிறதோ அந்தச் சர்வர் வைத்திருப்பவர் கையில் சாவி இருக்கிறது. 2024 ஆகஸ்டில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு பெரிய நிறுவனத்தின் இணைப்புக் கருவியில் ஆறு ஓட்டைகளைக் கண்டதாக அறிவித்தார்கள். 150 நாடுகளில் 40 லட்சம் அமைப்புகள் அந்த ஓட்டைகளின் வீச்சுக்குள் இருந்தன. ஓட்டையை அடைத்ததும் ஃபர்ம்வேர் புதுப்பிப்பால்தான். அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் ஒரு சீன நிறுவனத்தின் இன்வர்ட்டர்கள் சிலவற்றின் திரையில், இவற்றை இந்த நாட்டில் பயன்படுத்த அனுமதியில்லை என்ற பொருளில் வாசகம் தோன்றி, பெட்டிகள் நின்றன. விற்பனை உரிமைத் தகராறு அது. நடுவில் மாட்டிக்கொண்டவர் காசு கொடுத்து வாங்கியவர். புதுப்பிக்காவிட்டால் ஓட்டை திறந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு புதுப்பித்தால் யார் எழுதியது என்று தெரியாத உத்தரவு உள்ளே வரும். புதுப்பிக்கவே வேண்டாம் என்ற பிடிவாதத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் தயாரிப்பாளரின் மின்னணுக் கையொப்பம் இல்லாத கோப்பை, யாரோ பென் டிரைவில் கொண்டுவந்தார் என்பதற்காக ஏற்றுவது பைத்தியக்காரத்தனம்.

மின்நிறுவனங்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. மீட்டர் எண்ணையும் பேனல் கொள்ளளவையும் குறித்துக்கொள்ளும் படிவத்தில் ஃபர்ம்வேர் பதிப்புக்கும் ஒரு கட்டம் வேண்டும். ஒரே நாளில் எல்லாப் பெட்டிகளுக்கும் புதுப்பிப்பை அனுப்பக் கூடாது, நூறு பெட்டி, ஆயிரம் பெட்டி என்று பார்த்துப் பார்த்து அனுப்ப வேண்டும் என்று தயாரிப்பாளர்களைக் கட்டுப்படுத்த வேண்டும். ஜெர்மனி கோடிகள் கொட்டிக் கற்றதை நாம் ஒரு படிவத்தில் முடிக்கலாம்.

மல்லேஸ்வரத்திலோ மயிலாப்பூரிலோ மாடியில் பேனல் வைத்திருப்பவர்கள், அடுத்த முறை செயலி கேட்கும்போது உடனே அழுத்த வேண்டாம். பொருத்தியவரைக் கூப்பிட்டு, இந்தப் பதிப்பில் என்ன மாறுகிறது என்று கேளுங்கள். தெரியாது என்றால் தெரிந்தவர் வரும்வரை காத்திருங்கள். தொடங்குமுன் இப்போதுள்ள பதிப்பு எண்ணையும், ‘நாடு’ அமைப்பையும், மின்னழுத்த, அதிர்வெண் எல்லைகளையும் திரையிலிருந்து படமெடுத்து வையுங்கள். முடிந்தபின் இன்னொரு படம் எடுத்து ஒப்பிடுங்கள். மெயின் சுவிட்சை ஒருமுறை அணைத்து, பெட்டி உடனே விலகுகிறதா, திரும்பப் போட்டால் ஒரு நிமிடமாவது பொறுத்துச் சேர்கிறதா என்று பாருங்கள். கடவுச்சொல் தொழிற்சாலையில் வைத்ததாகவே இருந்தால் மாற்றுங்கள். தேதியோடு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, பெஸ்காம் ஒப்பந்தத்தோடு அதே கோப்பில் வையுங்கள்.